வளைவில் நறநறக்கும் வண்டி

நீண்ட நாளாக ஒரு கருத்து உறுத்திக்கொண்டே இருக்கிறது. "இடது பக்கம் ஒடிக்கும்போது சத்தம் வருதா? அப்போ இடது வீல் பேரிங் போயிருக்கும், மாத்திடுங்க." கார் வைத்திருப்பவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது இது. வீல் பேரிங் என்பது சக்கரம் இலகுவாகச் சுழல உதவும், உள்ளே இரும்புக் குண்டுகள் உருளும் வளையம். பட்டறையிலும் அவசரத்தில் இதைச் சொல்லிவிடுகிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. வலிக்கிற பக்கத்தில்தானே காயம் இருக்கும்? ஆனால் இந்த ஒரு வரியை நம்பி நல்ல பேரிங்கைக் கழற்றிப் போட்டுவிட்டு, கெட்ட பேரிங்கோடு வீட்டுக்கு வண்டி ஓட்டிப் போகிறவர்கள் ஏராளம். பிரஸ் என்ற அழுத்தும் இயந்திரத்தில் வைத்துத் தள்ளி எடுத்த பேரிங் மறுபடி உதவாது. தள்ளும்போதே உள்ளிருக்கும் குண்டுகள் ஓடுபாதையில் பள்ளம் பதித்துவிடும். நல்ல பாகமும் போய், சத்தமும் போகாமல் நிற்கும்.

அந்த வரியில் இரண்டு தவறுகள் ஒளிந்திருக்கின்றன. திருப்பும்போது வரும் எந்தச் சத்தத்தையும் பேரிங் தலையில் கட்டுவது ஒன்று. திருப்பும் பக்கமே பழுதான பக்கம் என்று முடிவு கட்டுவது இன்னொன்று. முதல் தவறு காதைச் சரியாகப் பயன்படுத்தாததால் வருவது. இரண்டாவது, வளைவில் வண்டியின் பாரம் எங்கே போகிறது என்று யோசிக்காததால் வருவது.

சத்தம் யார் பேச்சைக் கேட்கிறது

சத்தங்களைப் பிரித்துச் சொல்ல நம் மொழியிலேயே சொற்கள் கொட்டிக் கிடக்கின்றன. நறநற, கரகர, டக்டக், கீச், உர்ர், டொய்ங். பட்டறைக்குப் போய் "ஏதோ சத்தம் வருது" என்று நிறுத்திக்கொள்ளாமல் இவற்றில் எது என்று சொன்னாலே பாதி வேலை குறையும். அதைவிட முக்கியமானது, அந்தச் சத்தம் யார் பேச்சைக் கேட்டு நடக்கிறது என்பது. அதற்கு எஜமானர்கள் மூன்றே பேர்தான்: சுற்றும் சக்கரம், திரும்பும் ஸ்டியரிங், இழுக்கும் இஞ்சின்.

வண்டியை நிறுத்தி வைத்து, இஞ்சினை ஓடவிட்டு, ஸ்டியரிங்கை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். சக்கரம் உருளாமலே சத்தம் வந்தால் வீல் பேரிங்கும் பிரேக்கும் அந்த நிமிடமே பட்டியலிலிருந்து நீங்கிவிடுகின்றன. இரண்டு கடைசியிலும் ஒரே மாதிரி முனகல் வந்து, ஸ்டியரிங்கைச் சற்று விட்டதும் நின்றால், அது ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங் பம்ப். கடைசியில் பிடித்து வைத்தால் அழுத்தம் உச்சத்துக்குப் போய் ரிலீஃப் வால்வு திறக்கிறது. லேசான முனகல் அங்கே இயல்பு. நடுவிலும் முனகினால் டப்பாவில் எண்ணெய் மட்டத்தைப் பாருங்கள். நுரை தெரிந்தால் எங்கோ காற்று இழுக்கிறது. எண்ணெயை ஊற்றிக்கொண்டே இருப்பதற்கு முன் ஓஸ் கிளிப்பையும் சக்கரங்களைத் திருப்பும் ஸ்டியரிங் ரேக்கின் இரு முனை ரப்பர் உறைகளையும் கசிவுக்காகத் தடவிப் பார்ப்பதுதான் சரி. மின்சார ஸ்டியரிங் உள்ள வண்டியில் இந்த எண்ணெயே கிடையாது, ஆகவே இந்தத் தேடலும் வேண்டாம்.

நிறுத்திய வண்டியில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது "டொய்ங்" என்று ஸ்பிரிங் துள்ளினால் அது ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) தலைமேல் இருக்கும் மவுண்ட் பேரிங். ஸ்பிரிங் ஸ்டியரிங்கோடு சேர்ந்து வழுக்கித் திரும்ப வேண்டும். பேரிங் துருப்பிடித்து இறுகினால் ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு, ஒரு கட்டத்தில் தாங்காமல் குதிக்கும். ஒருவர் திருப்ப, இன்னொருவர் ஸ்பிரிங்கின் வெளிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்தால் அந்தத் துள்ளல் கையில் அடிக்கும். விரல்களைச் சுருள்களுக்கு இடையே மட்டும் நுழைக்காதீர்கள். இதை மாற்ற ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவி வேண்டும். அழுத்திய ஸ்பிரிங் நழுவினால் ஆளையே கொல்லக்கூடியது. அந்தக் கருவியும் பழக்கமும் இல்லாதவர்கள் தொடவே கூடாத வேலை இது.

உருளும்போது மட்டும், அதுவும் மெதுவாகக் கடைசிவரை ஒடித்து வேகம் கொடுக்கும்போது "டக் டக் டக்" என்று எண்ணக்கூடிய தாளத்தில் வந்தால் வெளிப்பக்க சி.வி. ஜாயின்ட், அதாவது இஞ்சினின் இழுவையைத் திரும்பும் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் மூட்டு. இதற்கு எஜமானர் மூன்று பேருமே, சக்கரமும் ஸ்டியரிங்கும் இஞ்சினும். ஆக்ஸிலரேட்டரை விட்டதும் குறையும், மிதித்ததும் கூடும். உள்ளே இருக்கும் ஆறு குண்டுகளும் தத்தம் பாதையில் தேய்ந்து குழி விழுந்த இடத்தைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு டக். இந்த ஜாயின்ட்டில் பக்கத்தைக் காதால் கண்டுபிடிக்கப் பார்ப்பது வீண் என்பது என் எண்ணம். வளைவில் வெளிச்சக்கரத்துக்குப் பாரம் அதிகம், உள்சக்கரத்துக்கோ திரும்பும் கோணம் அதிகம். எது வேண்டுமானாலும் அழும். குனிந்து ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையை (பூட்) பாருங்கள். கிழிந்து, சக்கரத்தின் உள்வளையத்தில் கருப்பு கிரீஸ் வட்டமாகச் சிதறியிருந்தால் அதுதான் பக்கம்.

கடைசிவரை ஒடிக்கும்போது மட்டும் "சர்ர்" என்று பிளாஸ்டிக்கில் தேய்க்கும் சத்தம் வந்தால், டயர் சக்கரக் கூட்டின் உறையில் உரசுகிறது. கிளிப் கழன்றிருக்கும், அல்லது டயர் அளவு கூடியிருக்கும். உரசிய இடத்தில் பிளாஸ்டிக் பளபளவென்று இருக்கும். நான்கு சக்கர இழுவையைப் பூட்டிய நிலையில் காய்ந்த தார்ச்சாலையில் வளைத்தால் வண்டியே இழுத்துப் பிடித்து நறநறக்கும். முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு தூரம் ஓட வேண்டியிருக்க, பூட்டு அதை அனுமதிப்பதில்லை. பூட்டை எடுத்தால் போதும், எந்தப் பாகமும் கெடவில்லை.

பாரம் எங்கே போகிறது

மிச்சம் இருப்பது வேகத்தோடு ஏறும் உறுமல். 40 கிலோமீட்டரில் தொடங்கி, 60, 80 என்று போகப் போகச் சுருதி ஏறும். கியரை நியூட்ரலுக்குத் தள்ளினாலும் மாறாது. இது சக்கரத்தின் பேச்சை மட்டுமே கேட்கிறது. பேரிங் என்று சந்தேகிக்க இதுவே சரியான இடம். உறுத்தும் அந்தக் கருத்து இங்கேதான் ஆளைக் கவிழ்க்கிறது.

இடது பக்கம் திரும்பும் பேருந்தில் நின்றுகொண்டிருப்பவர் எந்தப் பக்கம் சாய்கிறார்? வலது பக்கம். வண்டியின் பாரமும் அப்படியே வலது சக்கரங்கள் மேல் போய் உட்காருகிறது. போதாததற்கு, சாலை அந்த டயரைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் முழுவதையும் வலது பேரிங் வாங்கிக்கொள்கிறது. ஓடுபாதை உரிந்துபோன பேரிங் அப்போதுதான் கத்தும். ஆகவே இடது பக்கம் ஒடிக்கும்போது உறுமல் கூடினால் சந்தேகம் விழ வேண்டியது வலது பேரிங் மேல்.

இதையும் ஒரு வாய்ப்பாடாக மனப்பாடம் செய்துகொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. இன்றைய வீல் பேரிங்குகள் பெரும்பாலும் இரண்டு வரிசைக் குண்டுகள் கொண்டவை. வளைவில் ஒரு வரிசைக்குப் பாரம் ஏறும்போது இன்னொன்று இளகுகிறது. உள்சக்கரத்தில் எந்த வரிசை கெட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து, எப்போதாவது அதுவும் கத்தக்கூடும். கேபினுக்குள் உட்கார்ந்து கேட்கும் காதும் ஏமாற்றும். தகடு வழியாக ஓடும் சத்தம் பின்சக்கரத்திலிருந்து கிளம்பி முன்னால் கேட்கும்.

நம்பத்தக்க தடயம் வேறொன்று இருக்கிறது: சத்தம் எப்போது நிற்கிறது என்பது. ஆளில்லாத அகலமான சாலையில் 50, 60 கிலோமீட்டர் வேகத்தில், ஜன்னல்களை ஏற்றி, பாட்டை அணைத்துவிட்டு, மெல்ல இடமும் வலமுமாகப் பாம்புபோல் வளைத்துப் பாருங்கள். கூடுவதைக் கவனிக்க வேண்டாம். கூடுவது பல காரணங்களால் கூடும், டயர் சத்தமும் வளைவில் கூடத்தான் செய்யும். அறவே அடங்கும் ஒரு கணத்துக்காகக் காத்திருங்கள். வலது பக்கம் லேசாக ஒடித்ததும் உறுமல் யாரோ வாயைப் பொத்தியதுபோல் நின்று, நேராக்கியதும் திரும்ப வந்தால், வலது பேரிங்கின் மேலிருந்த பாரம் அந்தக் கணத்தில் இறங்கியது என்று பொருள். பாரம் இறங்கியதும் வாய் மூடுகிற சத்தம் டயரில் பெரும்பாலும் வருவதில்லை.

டயர் பேரிங்போலவே நடிக்கும். அதனால் கழற்றுவதற்கு முன் டயர் முகத்தை உள்ளங்கையால் இரு திசையிலும் தடவுங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பப் பல்போலவும் தட்டுப்பட்டால், முன் டயர்களையும் பின் டயர்களையும் அதே பக்கத்துக்குள் இடம் மாற்றி ஓட்டிப் பாருங்கள். உறுமலும் கூடவே இடம் மாறினால் பேரிங் தப்பித்தது.

ஸ்பிரிங் மேல் விரல்

சாலையில் கிடைத்தது சந்தேகம். அதை உறுதி செய்வது ஜாக்கியில்தான். சமதளத்தில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, தூக்கி, ஸ்டாண்டில் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி எந்த வேலையும் கூடாது. கியர் நியூட்ரலில் இருக்கட்டும். 12 மணி, 6 மணி இடங்களில் டயரைப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா? ஒருவர் பிரேக்கை மிதிக்க மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் பேரிங், மறையாவிட்டால் கீழ் பால் ஜாயின்ட் போன்ற இணைப்புகள். 3 மணி, 9 மணியில் மட்டும் ஆடினால் ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் முனைகளைப் பாருங்கள். பல தயாரிப்பாளர்களின் கையேட்டில் பேரிங் ஆட்டத்துக்கு அனுமதி சுமார் 0.05 மில்லிமீட்டர்தான். கைக்குத் தெரிகிற அளவு ஆட்டம் என்றாலே அது எல்லை தாண்டியது.

ஆனால் நன்றாக உறுமுகிற பேரிங்குகள் பலவற்றில் ஆட்டமே இருக்காது. அங்கேதான் ஸ்பிரிங் உதவிக்கு வருகிறது. ஒரு கையின் விரல்நுனிகளைச் சுருள் ஸ்பிரிங்கின் வெளிப்புறத்தில் லேசாக வைத்து, மறுகையால் சக்கரத்தை வேகமாகச் சுழற்றிவிடுங்கள். நல்ல பேரிங்கில் ஸ்பிரிங் கம்மென்று இருக்கும். கெட்டதில் மணல் தாளின் மேல் விரல் ஓடுவதுபோல் ஒரு சன்ன அதிர்வு ஏறிவரும். காதுக்கு எட்டாத தேய்மானம்கூட விரலுக்கு எட்டும். பிரேக் பேட் டிஸ்க்கை வருடும் சத்தம் குழப்பும்தான். அந்தச் சத்தம் காதில் இருக்கும், ஸ்பிரிங்குக்கு வராது. அடுத்த பக்கத்தையும் இதேபோல் சுழற்றி ஒப்பிட்டுப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

இஞ்சினைப் போட்டு, கியரில் ஒற்றைச் சக்கரத்தைச் சுழல விடுகிற பழக்கம் சிலருக்கு உண்டு. மறுசக்கரம் தரையில் நிற்கும்போது இரு சக்கரங்களுக்கும் ஓட்டத்தைப் பங்கிடும் டிஃபரென்ஷியல் முழு ஓட்டத்தையும் தூக்கிய சக்கரத்துக்கே தரும். மீட்டர் காட்டுவதைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும். அது ஆபத்து, தேவையும் இல்லை.

சக்கரத்தைக் கழற்றியதும் டிஸ்க்கின் பின்னால் இருக்கும் மெல்லிய தூசித் தகட்டையும் பாருங்கள். சின்னக் கல் ஒன்று தகட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே மாட்டினால் கேட்கிறவர் வயிறு கலங்குமளவு கீச்சிடும். பின்னோக்கிச் சில மீட்டர் ஓட்டினாலே சில நேரம் விழுந்துவிடும். தகடு வளைந்திருந்தால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி வரும்படி கையால் வெளியே வளைத்தால் போதும். ஆனால் வளைத்துவிட்ட தகடு கொஞ்ச நாளில் மறுபடி, அதுவும் வளைவில் மட்டும் உரசினால், குற்றம் தகட்டில் இல்லை. ஹப் (சக்கரமும் டிஸ்க்கும் பூட்டப்படும் நடுத்துண்டு) சாய்கிறது, டிஸ்க் சாய்ந்து தகட்டைத் தொடுகிறது. மறுபடி பேரிங்குக்கே திரும்ப வேண்டும். பேட்டையும் அளந்துவிடுங்கள். 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மாற்ற வேண்டியதுதான். இரும்பு இரும்பைத் தொட்டிருந்தால் டிஸ்க்கில் வரிவரியாகக் கீறல் இருக்கும். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.

பேரிங்கை மாற்றும்போது

ஹப்பின் நடுவில் இருக்கும் ஆக்சில் நட்டை வண்டி தரையில் நிற்கும்போதே, பிரேக்கை மிதித்து, இளக்கிக்கொள்ள வேண்டும். முதலில் அதன் மடித்த விளிம்பை நிமிர்த்துங்கள். பெரும்பாலும் 30, 32 அல்லது 36 மில்லிமீட்டர் சாக்கெட். இளக்கிய பிறகு வண்டியை ஒரு அடிகூட உருட்டாதீர்கள். பேரிங்கின் இரண்டு உள்வளையங்களையும் சேர்த்து அழுத்திப் பிடித்திருப்பது அந்த நட்டுதான். அது இளகிய நிலையில் வண்டியின் எடையோடு உருண்டால் நல்ல பேரிங்கும் கெடும். அதே காரணத்துக்காகத்தான் திரும்ப முடுக்கும்போது அளவும் முக்கியம். வண்டிக்கு வண்டி மாறும், பல கார்களில் 180 முதல் 300 நியூட்டன் மீட்டர் வரை வரும். கையேட்டின் எண்ணை, இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரென்ச்சில் வைத்து முடுக்க வேண்டும். காற்றுத் துப்பாக்கியால் அடித்து இறுக்கிவிட்டு "டைட்டா இருக்கு" என்று கைகழுவுவது பேரிங்கின் ஆயுளைச் சூதாடுவது. புது நட்டு போடச் சொல்லியிருந்தால் புதிதையே போடுங்கள்.

பிரேக் பேட்களைப் பிடித்திருக்கும் காலிப்பரைக் கழற்றினால் பிரேக் ஓஸில் தொங்கவிடாமல் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டுங்கள். டிஸ்க் துருவில் ஒட்டியிருந்தால் அதன் முகத்தில் மரையிட்ட இரண்டு துளைகள் இருக்கிறதா என்று பாருங்கள். அவற்றில் போல்ட்டை மாற்றி மாற்றி முடுக்கினால் தானே வெளியே வரும். ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) சென்சாரை ஒயரைப் பிடித்து இழுத்தால் அறுந்துவிடும். துரு நீக்கி எண்ணெய் விட்டு, உடலைப் பிடித்து இப்படி அப்படித் திருகி எடுங்கள். ஸ்ட்ரட்டையும், பேரிங் உட்கார்ந்திருக்கும் இரும்புத் துண்டான நக்கிளையும் சேர்க்கும் இரண்டு போல்ட்டுகளை எடுப்பதற்கு முன் சுற்றி ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள். அப்படியும் கடைசியில் வீல் அலைன்மென்ட் பார்த்துவிட வேண்டும்.

வேலை வீணாகும் இடம் பிரஸ். ஹப்பைத் தள்ளி எடுத்ததும் பழைய பேரிங்கின் ஓர் உள்வளையம் ஹப்பிலேயே ஒட்டிக்கொண்டு வரும். புல்லரால் எடுங்கள், அல்லது கிரைண்டரால் பாதி ஆழம் அறுத்து உளியால் பிளந்தெடுங்கள். ஹப்பின் முகத்தில் வெட்டு விழக் கூடாது. பேரிங்கைப் பிடித்திருக்கும் வளையக் கிளிப்பான சர்க்கிளிப்பை எடுத்து, பழையதைத் தள்ளி, நக்கிளின் குழியைத் துருப்போகத் துடைத்தபின் புதியதை வைத்து அழுத்தும்போது, அழுத்தம் வெளிவளையத்தின் மேல் மட்டுமே விழ வேண்டும். அடுத்து ஹப்பை உள்ளே செலுத்தும்போது அடியில் உள்வளையத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்றை மாற்றிச் செய்தால் டன் கணக்கான அழுத்தம் குண்டுகள் வழியாகக் கடந்து போகும். ஒவ்வொரு குண்டும் ஓடுபாதையில் கண்ணுக்குத் தெரியாத பள்ளம் ஒன்றைப் பதித்துவிடும். அன்றைக்குச் சத்தமே இருக்காது. கொஞ்ச காலம் கழித்து அதே உறுமல் திரும்பும், பழி பாகத்தின் தரத்தின்மேல் விழும். ஏ.பி.எஸ். உள்ள வண்டிகள் பலவற்றில் பேரிங்கின் ஒரு முகத்தில் காந்த வளையம் இருக்கும். அந்த முகம் சென்சார் பார்க்கும் பக்கம் போக வேண்டும். திருப்பிப் போட்டால் டேஷ்போர்டில் விளக்கு எரியும், எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டும். எந்த முகத்தில் காந்தம் இருக்கிறது என்று தெரிய ஒரு மெல்லிய குண்டூசியைச் சும்மா அருகில் கொண்டுபோனால் போதும். காந்த வளையத்தின் மேல் சுத்தியலோ வேறு காந்தமோ படவிடாதீர்கள்.

மூன்று அல்லது நான்கு போல்ட்டில் முழு ஹப்போடு வரும் வகைக்குப் பிரஸ் தேவையில்லை. அது உட்காரும் இடத்தில் துருச் செதில் மிச்சமிருந்தால் ஹப் கோணலாக அமரும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டுப் பூட்டினால் முடிந்தது.

கிழிந்த பூட்

சி.வி. ஜாயின்ட் டக்டக்கென்று அடிக்கத் தொடங்கிய பிறகு புது கிரீஸ் திணிப்பதில் பயனில்லை. குழி விழுந்த பாதை கிரீஸால் நிரம்பாது. பூட் கிழிந்தும் சத்தம் இன்னும் வராத வண்டிதான் காப்பாற்றத்தக்கது. அதற்கும் நாட்கள் அதிகமில்லை, மண்ணும் தண்ணீரும் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஜாயின்ட்டோடு இருக்கும் ஷாஃப்ட்டை (இழுவைத் தண்டை) எடுக்கும்போது ஷாஃப்ட்டைப் பிடித்து இழுக்காதீர்கள், உள்ஜாயின்ட் பிரிந்துவிடும். கியர்பாக்ஸ் ஓரத்தில் நெம்புகோல் கொடுத்து நெம்புங்கள். எண்ணெய் வடியும், பாத்திரம் வைத்து, வடிந்த அளவைத் திரும்ப ஊற்றுங்கள். ஜாயின்ட்டைப் பித்தளைக் கம்பியால் உள்வளையத்தில் அடித்துக் கழற்றி, கழுவி, ஆறு குண்டுகளையும் கூண்டின் ஜன்னல்களையும் வெளிச்சத்தில் பாருங்கள். நகத்துக்குத் தட்டுப்படும் குழி இருந்தால் ஜாயின்ட்டையே மாற்றுங்கள். இல்லையென்றால் கிட்டில் வரும் மாலிப்டினம் கிரீஸ் முழுவதையும், பெரும்பாலும் 80 முதல் 120 கிராம் வரை இருக்கும், ஜாயின்ட்டுக்குள்ளும் பூட்டுக்குள்ளுமாகப் பங்கிட்டு அடையுங்கள். சாதா சேசிஸ் கிரீஸ் ஆகாது. கடைசிக் கிளிப்பை இறுக்கும்முன் பூட்டின் உதட்டுக்கடியில் முனைமழுங்கிய திருப்புளியை நுழைத்து அடைபட்ட காற்றை வெளியேற்றுங்கள். இல்லாவிட்டால் பூட் உப்பியோ ஒடுங்கியோ நின்று சீக்கிரம் வெடிக்கும். சர்க்கிளிப் புதிதாகவே இருக்கட்டும்.

எவ்வளவு நாள் ஓட்டலாம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். டக்டக் ஜாயின்ட் கொஞ்சம் பொறுக்கும். ஒருநாள் கூண்டு உடைந்து வண்டி நகராமல் நிற்கும். உறுமும் பேரிங் அப்படிப் பொறுக்காது. ஆட்டம் கூடினால் டிஸ்க் ஆடிப் பேட்களைப் பின்னுக்குத் தள்ளிவிடும். அடுத்த முறை மிதிக்கும்போது பெடல் எதிர்பார்த்ததைவிட ஆழமாக இறங்கும். அந்த அறிகுறி கண்ட வண்டியை அதற்குமேல் ஓட்டக் கூடாது, தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். தேங்கிய வெள்ளத்தில் ஓட்டிய வண்டிகளில் இது சீக்கிரம் வருகிறது. சூடான ஹப் தண்ணீரில் திடீரெனக் குளிர, உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீலின் உதட்டைத் தாண்டித் தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. ஹப் முழுகும் அளவுத் தண்ணீரில் போய் வந்த வண்டியாக இருந்தால், சில வாரம் கழித்து அந்தப் பாம்பு வளைவை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

பேரிங் மாற்றிய பிறகும் அதே சாலை, அதே வேகம், அதே வளைவு. இறங்கி இரண்டு பக்க ஹப்பிலும் புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி வந்தும் ஒரு பக்கம் மட்டும் சூடு அடித்தால் நட்டு முடுக்கத்தையும் காலிப்பரையும் மறுபடி பார்க்க வேண்டும். சூடு சமமாக இருந்தால், 100 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை மட்டும் டார்க் ரென்ச்சால் இன்னொரு சுற்று சரிபார்த்துவிடுங்கள்.